சிந்தசைசர் ஒலிப்பதிவில் தாளப் பிசகு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வாசிக்கும்போது சரியாகக் கேட்ட சிந்தசைசர், பதிவைப் போட்டுக் கேட்கும்போது தாளத்தில் உட்காராமல் நிற்கிறது என்றால், பெரும்பாலோர் முதலில் கைவைப்பது மென்பொருளின் பஃபர் அளவில்தான் (ஒலித் தரவைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்துவைக்கும் இடம் பஃபர்). அது சில வேளைகளில் பயன் தரும். பல வேளைகளில் பொரிச்சல் சத்தம் என்ற புதிய தொல்லையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் பழைய தொல்லையை அப்படியே விட்டுவிடும். "லேட்டாக விழுகிறது" என்று காது சொல்லும் ஒரே புகாருக்குள் மூன்று வெவ்வேறு பிழைகள் இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

முதலாவது, மாறாத தாமதம்: ஒவ்வோர் அடியும் ஒரே அளவு, உதாரணமாக 9 மில்லிவினாடி, பின்தங்கி விழும். இரண்டாவது, ஜிட்டர் எனப்படும் நடுக்கம்: ஓர் அடி 2 மில்லிவினாடி முந்தும், அடுத்தது 3 மில்லிவினாடி பிந்தும், அதற்கடுத்தது சரியாக விழும். மூன்றாவது, நழுவல்: பாட்டின் தொடக்கத்தில் ஒட்டியிருந்த இரண்டு டிராக்குகள் போகப்போக விலகி, கடைசியில் எவருக்கும் தெரியும் அளவுக்குப் பிரிந்து நிற்கும். மாறாத தாமதத்தை ஓர் எண்ணைக் கொடுத்துத் தீர்த்துவிடலாம். நடுக்கத்தை எந்த எண்ணாலும் தீர்க்க முடியாது, கிளாக், அதாவது கருவிகளுக்குத் தாளம் காட்டும் துடிப்பு, வரும் பாதையை மாற்ற வேண்டும். நழுவலுக்கு, தனித்தனியே ஓடும் இரண்டு கடிகாரங்களில் ஒன்றை மற்றொன்றின் பின்னால் ஓடவைக்க வேண்டும். எந்தப் பிழை என்று தெரியாமல் செய்யும் எந்தத் திருத்தமும் இருட்டில் ஊசி தேடுவதுதான்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு கேபிள் சோதனை

ஆடியோ இன்டர்பேஸின் (ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் கொண்டுசெல்லும் பெட்டியின்) 3ஆம் அவுட்புட்டிலிருந்து 3ஆம் இன்புட்டுக்கு ஒரு கேபிளைச் செருகுங்கள். ஸ்பீக்கர் இணைந்திருக்கும் 1, 2ஆம் அவுட்புட்டுகளைத் தவிர்ப்பது நல்லது. இரண்டே வழிகள் உள்ள சிறிய இன்டர்பேஸ் என்றால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு 2ஆம் அவுட்புட்டைப் பயன்படுத்தலாம். பதிவாகப் போகும் டிராக்கின் மானிட்டரிங்கை, அதாவது உள்ளே வரும் ஒலியை உடனே திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை, கட்டாயம் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும், ஹெட்போன் அணிந்திருந்தால் காதுக்கே ஆபத்து.

இனி, கூர்மையான தொடக்கம் உள்ள ஒரு கிளிக் ஒலியை ஒவ்வோர் அடியிலும் வைத்து 3ஆம் அவுட்புட் வழியாக அனுப்பி, அது திரும்பி வருவதைப் புதிய டிராக்கில் எட்டு ஆவர்த்தம் பதிவு செய்யுங்கள். பிறகு திரையை ஒரு சாம்பிள் (எண்ணாகப் பதிவாகும் ஒலியின் ஒரு துளி) தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, மூலக் கிளிக்கும் பதிவான கிளிக்கும் எத்தனை சாம்பிள் விலகியிருக்கின்றன என்று எண்ணுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 48 சாம்பிள் ஒரு மில்லிவினாடி. 44,100 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 44.

என் மேசையில் இருக்கும் இன்டர்பேஸில், 48,000 ஹெர்ட்ஸ், 128 பஃபரில், பதிவான கிளிக் 35 சாம்பிள் பிந்தி விழுந்தது. அது 0.73 மில்லிவினாடி. 64, 512, 1024 என்று பஃபரை மாற்றி மாற்றிப் பார்த்தும் அதே 35தான் வந்தது. பஃபர்களால் வரும் தாமதத்தை, இன்டர்பேஸை இயக்கும் டிரைவர் பதிவு மென்பொருளுக்குச் சரியாகவே சொல்லிவிடுகிறது, ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சில்லுகளின் சொந்தத் தாமதத்தை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறது என்பதே இதன் பொருள். அந்த 35ஐ ஒருமுறை மென்பொருளில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது. பஃபரை மாற்றும்போது விலகலும் மாறினால், டிரைவர் தரும் கணக்கே தவறு. அப்போது ஒரே பஃபர் அளவில் நிலையாக நின்று, அதற்கு அளந்த எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்வதுதான் பாதுகாப்பு.

எண்ணை எழுத வேண்டிய இடம் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஏபிள்டன் லைவில் ஆடியோ அமைப்புகளுக்குள் 'டிரைவர் எரர் காம்பன்சேஷன்', லாஜிக்கில் 'ரெக்கார்டிங் டிலே', ரீப்பரில் ரெக்கார்டிங் அமைப்புகளில் இன்புட், அவுட்புட் இரண்டுக்கும் தனித்தனியாக உள்ள ஆஃப்செட் பெட்டிகள். எண்ணைக் கொடுத்த பின் சோதனையை மறுபடியும் ஒருமுறை நடத்துங்கள். கூட்டல், கழித்தல் குறி மாறிப்போய்ப் பிழை இரட்டிப்பானதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: விசையை அழுத்திச் சற்றுக் கழித்தே ஒலி கேட்கிறது, பதிவு மட்டும் சரியாக இருக்கிறது

இது கேட்பதில் உள்ள தாமதம், பதிவில் உள்ள பிழை அன்று. சிந்தசைசரின் ஒலி இன்டர்பேஸுக்குள் புகுந்து, மென்பொருள் வழியாகச் சென்று, திரும்ப ஹெட்போனுக்கு வரும்போது உள்ளே ஒரு பஃபர், வெளியே ஒரு பஃபர் என இரண்டையும் கடக்கிறது. 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் 2.7 மில்லிவினாடி, 256 என்றால் 5.3, 512 என்றால் 10.7, 1024 என்றால் 21.3. இவற்றை இரண்டால் பெருக்கி, சில்லுகளின் தாமதத்தையும் டிரைவர் தன் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளும் கூடுதல் பஃபரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 512 பஃபரில் விரைவான சுரக்கோவையை வாசிக்க முயன்றால் விரல்கள் தடுமாறுவது ஏன் என்று அப்போது விளங்கும்.

இங்கே பஃபரைக் குறைப்பது நியாயமான வழிதான். அதைவிட நல்ல வழி, இன்டர்பேஸில் உள்ள டைரக்ட் மானிட்டர் வசதியைப் பயன்படுத்தி, ஒலி கணினிக்குள் போய்வருவதற்கு முன்பே அதைக் கேட்டுவிடுவது. மெல்ல எழுந்து நீளும் மென்மையான பேட் ஒலிக்கு எந்த வழியும் போதும். தட்டு ஒலிக்கும் பேஸ் ஒலிக்கும் டைரக்ட் மானிட்டரைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஸ்பீக்கர் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால், ஹெட்போன் அணிவதே 256 பஃபரைப் பாதியாக்கியதைவிடக் கூடுதல் பயன் தரும்.

அறிகுறி: குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வெறுமையான ஒலி, அல்லது ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை தட்டுகிறது

ஒரே ஒலி இரண்டு பாதைகளில் சில மில்லிவினாடி வித்தியாசத்தில் காதுக்கு வந்தால், சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துவிடும். டைரக்ட் மானிட்டரும் மென்பொருள் மானிட்டரிங்கும் சேர்ந்து திறந்திருப்பதுதான் வழக்கமான காரணம். இரண்டில் ஒன்றை மூடுங்கள்.

மூடிய பிறகும் இரட்டிப்பு நீடித்தால், குற்றம் மிடி பாதையில், அதாவது எந்தச் சுரம் எப்போது என்ற செய்திகள் கருவிகளுக்கிடையே செல்லும் பாதையில், இருக்கிறது. சிந்தசைசரின் விசைப்பலகை தன் உள்ளே இருக்கும் ஒலிப் பகுதியை நேரடியாக இயக்குகிறது. அதே சுரம் மிடி வழியாகக் கணினிக்குப் போய், மென்பொருள் அதைத் திருப்பி அனுப்ப, இரண்டாம் முறையும் அதே ஒலிப் பகுதியை இயக்குகிறது. எட்டுக் குரல் (ஒரே நேரத்தில் எட்டுச் சுரம் ஒலிக்கும்) சிந்தசைசர் நான்கு குரல்போல நடந்துகொள்வதும், வைத்திருக்கும் சுரங்கள் பாதியில் அறுந்துபோவதும் இதன் உறுதியான அடையாளங்கள். சிந்தசைசரின் அமைப்புகளில் 'லோக்கல் கண்ட்ரோல்' என்பதை ஆஃப் செய்யுங்கள். அந்த அமைப்புப் பட்டியலில் இல்லாத கருவிகளிலும், மிடி கண்ட்ரோலர் எண் 122க்கு 0 என்ற மதிப்பை அனுப்பிப் பார்க்கலாம்.

அறிகுறி: பதிவான ஒலி எப்போதும் ஒரே அளவு பிந்தி, அல்லது முந்தி விழுகிறது

கேபிள் சோதனையில் சுத்தமான முடிவு கிடைத்தும் சிந்தசைசர் பதிவு மட்டும் பிந்தினால், முதலில் மானிட்டரிங் நிலையைப் பாருங்கள். லைவில் ஒரு டிராக்கை மானிட்டர் நிலையில் வைத்துப் பதிவு செய்தால், வாசித்தவர் தாமதத்துடன் கேட்டு அதற்கேற்ப வாசித்திருப்பார் என்று கருதி, கேட்ட இடத்திலேயே ஒலியை வைக்க மென்பொருள் முயல்கிறது. மானிட்டரை அணைத்து, டைரக்ட் மானிட்டரில் கேட்டுக்கொண்டு பதிவு செய்தால் முழு ஈடுகட்டல் நடக்கிறது. மனிதர் வாசிக்கும்போது முதல் முறைக்கு ஒரு நியாயம் உண்டு. கணினியே மிடி அனுப்பி வாசிக்கவைக்கும்போது அந்த நியாயம் பொருந்தாது. அங்கே கேட்டுத் திருத்திக்கொள்ளும் மனிதர் யாரும் இல்லை, தாமதம் முழுவதும் அப்படியே பதிவாகிவிடும். கணினி ஓட்டும் சிந்தசைசருக்கு மானிட்டரை அணைத்துவிடுங்கள், அல்லது தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள்.

அடுத்து, சிந்தசைசரின் சொந்தத் தாமதம். மிடி செய்தி உள்ளே போனதிலிருந்து ஒலி வெளியே வருவதற்குள் கருவியின் செயலி சில மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. இது கருவிக்குக் கருவி மாறும். பழைய கருவிகளில் கூடுதலாக இருப்பதும் உண்டு. இதை அளக்கும்போது அட்டாக் பூஜ்யமாகவும் ஃபில்டர் முழுவதும் திறந்தும் உள்ள கூர்மையான ஒலியைத் தேர்ந்தெடுங்கள். மெல்ல எழும் ஒலியை வைத்து அளந்தால், ஒலியின் குணத்தையே தாமதம் என்று தவறாகக் கணக்கிட்டுவிடுவீர்கள். லைவின் 'எக்ஸ்டர்னல் இன்ஸ்ட்ருமென்ட்' சாதனத்தில் 'ஹார்ட்வேர் லேட்டன்சி' என்ற இடத்திலும், கியூபேஸில் வெளிக்கருவியை இணைக்கும் பக்கத்தில் உள்ள தாமதப் பெட்டியிலும் இந்த எண்ணைக் கொடுக்கலாம். அப்படி வசதி இல்லாத மென்பொருளில் மிடி டிராக்கின் தாமதத்தை எதிர்மறை எண்ணாக வைத்து, செய்தியை அந்த அளவு முன்னதாக அனுப்பிவிடலாம்.

ஒலி முந்தி விழுந்தால், ஒரே தாமதம் இரண்டு இடங்களில் ஈடுகட்டப்பட்டிருக்கிறது. டிரைவர் சொன்ன தாமதத்தோடு, நீங்கள் முன்பு கையால் எழுதிய எண்ணும் சேர்ந்திருக்கும். விண்டோஸில் கியூபேஸ் பயன்படுத்துவோருக்கு, ஒலி சரியாக இருக்க மிடி சுரங்கள் மட்டும் இடம் தவறிப் பதிவானால், மிடி அமைப்புகளில் உள்ள 'சிஸ்டம் டைம்ஸ்டாம்ப்' என்ற தேர்வை மாற்றிப் பார்ப்பது பெரும்பாலும் தீர்வாக அமையும்.

அறிகுறி: தனிச் சுரங்கள் சரி, கார்டும் (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) டிரம்மும் சேர்ந்து வரும் இடத்தில் மட்டும் குழைகிறது

இந்த அறிகுறியைப் பலர் கணினியின் வேகக்குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது 1983இல் வகுக்கப்பட்ட மிடி கேபிளின் வேகக் கணக்கு. ஐந்து முனை டின் கேபிளில் ஒரு வினாடிக்கு 31,250 பிட்டுகள் மட்டுமே செல்லும். ஒரு பைட்டுக்குத் தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் சேர்த்துப் பத்துப் பிட்டுகள், எனவே ஒரு பைட் செல்ல 0.32 மில்லிவினாடி. ஒரு சுரத்தைத் தொடங்கச் சொல்லும் நோட்-ஆன் செய்தி மூன்று பைட், அதாவது 0.96 மில்லிவினாடி. கேபிளில் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும். திரையில் ஒரே கோட்டில் நிற்கும் எட்டுச் சுரங்களில் எட்டாவது சுரம், முழுச் செய்திகளாக அனுப்பினால், 7.7 மில்லிவினாடி கழித்தே போய்ச் சேரும். ஒரே சேனலில் வரும் தொடர் செய்திகளில் முதல் பைட்டைத் திரும்ப அனுப்பாமல் விடும் 'ரன்னிங் ஸ்டேட்டஸ்' முறை இருந்தால் அது 5.4 மில்லிவினாடியாகக் குறையும்.

இதே கேபிளில் ஆஃப்டர்டச், பிட்ச் பெண்ட், நாப் திருகும்போது கொட்டும் கண்ட்ரோலர் செய்திகள் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் எனப்படும் நினைவக அனுப்பீடு இவற்றையெல்லாம் விஞ்சியது. யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் 32 குரல்களை (இங்கே சேமித்த ஒலி அமைப்புகள் என்று பொருள்) மொத்தமாக அனுப்பும் செய்தி 4,104 பைட். அது முழுவதும் போய்ச் சேர 1.3 வினாடிக்கு மேல் ஆகும், அதுவரை அந்தக் கேபிளில் ஒரு சுரம்கூட நுழைய முடியாது. கிளாக் துடிப்பு, ஸ்டார்ட், ஸ்டாப் போன்ற நிகழ்நேரச் செய்திகளுக்கு மட்டும் நடுவில் புகுந்து செல்லும் உரிமை உண்டு. பாட்டின் முதல் ஆவர்த்தத்தில் குரல் அமைப்பை அனுப்பிவிட்டு அங்கேயே சுரங்களையும் வைத்திருப்போருக்கு முதல் அடிகள் காணாமல் போவது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு சிந்தசைசருக்கும் தனி மிடி போர்ட் கொடுங்கள். பல போர்ட் உள்ள மிடி இன்டர்பேஸ் இந்த ஒரு காரணத்துக்காகவே வாங்கத் தக்கது. முடியாதபோது, தாளக் கருவியை வரிசையின் முன்னால் வையுங்கள்: டிரம் டிராக்கை 5 மில்லிவினாடி முன்னதாக அனுப்பினால் கிக்கும் ஸ்நேரும் முதலில் போய்விடும், பின்னால் வரும் பேட் ஒலியின் தாமதம் எவர் காதுக்கும் எட்டாது. தேவையற்ற ஆஃப்டர்டச்சை வடிகட்டிவிடுங்கள். ஒரு கருவியின் த்ரூவிலிருந்து (உள்ளே வந்த செய்தியை அப்படியே வெளியே விடும் முனை) அடுத்ததற்கு என்று சங்கிலியாக இணைக்கும்போது மூன்று கருவிகளுக்கு மேல் நீட்ட வேண்டாம். ஒவ்வொரு கருவியின் உள்ளே உள்ள ஒளியிணைப்பிலும் சைகையின் விளிம்பு சற்று மழுங்கி, இறுதியில் செய்தி தவறாகப் படிக்கப்படும். த்ரூ பெட்டி ஒன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் நேராகப் பிரித்துக்கொடுப்பது இதைத் தவிர்க்கும்.

இவையெல்லாம் போதாது என்றால், ஒரு நேரத்தில் ஒரே சிந்தசைசரை ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பதிவு செய்யுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் பதிவானவை ஒவ்வொன்றும் கத்தி வைத்தாற்போல் நிற்கும்.

அறிகுறி: சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே வாசிக்கும் ஆர்பெஜியேட்டரோ டிரம் மெஷினோ கணினியின் கிளாக்கில் தள்ளாடுகிறது

மிடி கிளாக் என்பது கால் சுரத்துக்கு (ஓர் அடிக்கு) 24 துடிப்பு. நிமிடத்துக்கு 120 அடி என்ற காலப்பிரமாணத்தில் 20.83 மில்லிவினாடிக்கு ஒன்று. "இப்போது ஒரு துடிப்பு" என்பதைத் தவிர அந்தச் செய்தியில் வேறெந்தத் தகவலும் இல்லை. அது வந்து சேரும் கணமே அதன் பொருள். கணினியோ வேறு வேலைகளுக்கு நடுவில் அந்தத் துடிப்பை அனுப்புகிறது. ஒரு துடிப்பு 2 மில்லிவினாடி பிந்தினால், அந்த ஒரு கணத்துக்குக் கருவியின் பார்வையில் காலப்பிரமாணம் 120இலிருந்து 110க்குக் கீழே இறங்கிவிடுகிறது. சில கருவிகள் பல துடிப்புகளின் சராசரியை எடுத்து இதைச் சமாளிக்கும். சில கருவிகள் ஒவ்வொரு துடிப்பையும் அப்படியே பின்பற்றி நடுங்கும். கிளாக்கோடு இணைத்த டிலே எஃபெக்டில் எதிரொலியின் சுருதி லேசாக அலைவது இந்த நடுக்கத்தின் மிகத் தெளிவான அடையாளம்.

அளப்பதற்கு, டிரம் மெஷினில் கூர்மையான ரிம்ஷாட் ஒலியைப் பதினாறாம் சுரங்களாக ஓடவிட்டு 16 ஆவர்த்தம் பதிவு செய்யுங்கள். 120இல் ஒவ்வொரு தட்டும் 125 மில்லிவினாடி இடைவெளியில், அதாவது 48,000 ஹெர்ட்ஸில் 6,000 சாம்பிள் இடைவெளியில் விழ வேண்டும். நடுவில் உள்ள இருபது தட்டுகளின் இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். 5,980, 6,015, 5,995 என்று வந்தால் விலகல் அரை மில்லிவினாடிக்குள் இருக்கிறது, விட்டுவிடலாம். 5,850, 6,170, 5,910 என்று வந்தால் 3 மில்லிவினாடி அளவுக்குத் தள்ளாட்டம், அதைக் காது நிச்சயமாகக் கேட்கும். அதே கருவியைத் தன் சொந்தக் கிளாக்கில் ஓடவிட்டு மறுபடியும் அளவெடுப்பதை மறக்க வேண்டாம். சொந்தக் கிளாக்கிலும் அதே தள்ளாட்டம் இருந்தால் கணினியைக் குறைசொல்லிப் பயனில்லை.

குற்றம் கணினியின் பக்கம் என்றால், எளியதிலிருந்து தொடங்குங்கள். கிளாக் செல்லும் போர்ட்டில் சுரங்களோ கண்ட்ரோலர் செய்திகளோ செல்லாமல் அதை மட்டும் தனியே அனுப்புங்கள். தேவையற்ற போர்ட்டுகளுக்குக் கிளாக் அனுப்புவதை நிறுத்துங்கள். யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடியாகக் கணினியில் செருகுங்கள். யூஎஸ்பியின் ஃபுல் ஸ்பீடு முறையில் தரவு ஒரு மில்லிவினாடிக்கு ஒருமுறை அடுக்கடுக்காகவே செல்கிறது. ஆகவே அந்த அளவு நடுக்கம் கேபிளின் வடிவமைப்பிலேயே இருக்கிறது, அதற்குக் கீழே போக மிடி செய்தியால் முடியாது.

அதற்கும் கீழே போக ஒரு வழி உண்டு, என் கணிப்பில் அதுவே உண்மையான தீர்வு: கிளாக்கை மிடியாக அனுப்பாமல் ஆடியோவாக அனுப்புவது. ஆடியோ ஒவ்வொரு சாம்பிளும் தவறாமல் வெளியேறும் பாதை. இன்டர்பேஸின் காலியான அவுட்புட் ஒன்றில் துடிப்பு ஒலியை ஓடவிட்டு, அதை வெளியில் கிளாக்காக மாற்றும் பெட்டிகள் கிடைக்கின்றன. ஈஆர்எம் நிறுவனத்தின் மல்டிகிளாக், எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸின் யுசாமோ ஆகியவை இந்தக் கொள்கையில் இயங்குபவை. கோர்க் வோல்கா போன்ற சிறு கருவிகளுக்கு அந்தப் பெட்டியும் வேண்டாம். அவற்றின் சிங்க் இன்புட் கால் சுரத்துக்கு இரண்டு துடிப்பை எதிர்பார்க்கிறது. எட்டாம் சுரத்துக்கு ஒன்றாகக் கூர்மையான துடிப்பு ஒலியை ஒரு டிராக்கில் வரைந்து, போதிய சத்தத்தில் அந்த இன்புட்டுக்கு அனுப்பினாலே கருவி நடுங்காமல் ஓடும். பழைய ரோலண்ட் கருவிகளின் டின் சிங்க் கால் சுரத்துக்கு 24 துடிப்பு, பழைய கோர்க் கருவிகளில் 48. டெம்போ இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஓடினால் இந்த எண்ணைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். டின் சிங்க் முனை மிடி முனையைப் போலவே தோற்றமளிக்கும், அதில் மிடி கேபிளைச் செருகி ஏமாற வேண்டாம்.

அறிகுறி: நடுவில் எல்லாம் சரி, தொடக்கம் மட்டும் தவறுகிறது

மென்பொருள் ஓடத் தொடங்கும்போது ஸ்டார்ட் செய்தியும் முதல் கிளாக் துடிப்பும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் குறைந்தது ஒரு மில்லிவினாடி இடைவெளி தேவை என்று மிடி வரையறை அறிவுறுத்துகிறது. அந்த இடைவெளி கிடைக்காத கருவி முதல் துடிப்பைத் தவறவிட்டு, பாட்டு முழுவதும் ஒரு துடிப்பு பின்னால் ஓடும். அதாவது 120இல் 20.83 மில்லிவினாடி. பதிவான விலகல் சரியாக இந்த அளவில் இருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. பாட்டை முதல் ஆவர்த்தத்தில் தொடங்காமல் மூன்றாவதில் தொடங்கி, கருவிக்கு இரண்டு ஆவர்த்தம் ஓடிப் பழக இடம் கொடுத்துவிட்டுப் பின்னர் வெட்டிக்கொள்ளுங்கள். பாட்டின் நடுவிலிருந்து ஓடவிட்டுப் பதிவு செய்வதைக் கூடியவரை தவிர்த்துவிடுங்கள், நடு இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கும் செய்தியைப் பல கருவிகள் பொருட்படுத்துவதே இல்லை.

அறிகுறி: தொடக்கத்தில் ஒட்டியிருந்தது, முடிவில் விலகிவிட்டது

நழுவலுக்கு இரண்டு மூலங்கள் உண்டு, விலகலின் அளவே எது என்று காட்டிக்கொடுக்கும். நான்கு நிமிடப் பாட்டில் விலகல் 200 மில்லிவினாடி போன்ற பெரிய எண்ணாக இருந்தால், சிந்தசைசரின் சீக்வென்சர் (சுரவரிசையைத் தானே வாசிக்கும் பகுதி) வெளிக் கிளாக்கைக் கேட்காமல் தன் போக்கில் ஓடுகிறது. திரையில் 120 என்று காட்டினாலும் உண்மையில் அது 119.9ஆக இருந்தால் நான்கு நிமிடத்தில் வரும் விலகல் துல்லியமாக இந்த அளவு. கிளாக் தேர்வை 'எக்ஸ்டர்னல்' என்று மாற்றுவதே தீர்வு.

விலகல் 10, 15 மில்லிவினாடி என்று சிறியதாக இருந்தால், அது இரண்டு ஆடியோ சாதனங்களின் கடிகாரப் படிகங்களுக்கு இடையிலான வேறுபாடு. இதில் நான் ஒரு வாரம் இழந்திருக்கிறேன். ஐந்து நிமிடப் பாடல் ஒன்றில் சிந்தசைசரை அதன் சொந்த யூஎஸ்பி ஆடியோ வழியாகவும், தபலாவை இன்டர்பேஸ் வழியாகவும், இரண்டையும் மேக்கில் ஒரே கூட்டுச் சாதனமாக இணைத்துப் பதிவு செய்திருந்தேன். பல்லவியில் இரண்டும் ஒன்றாக இருந்தன. கடைசிச் சரணத்தில் தபலாவின் ஒவ்வொரு 'தா'வும் பேஸ் சுரத்துக்கு 14 மில்லிவினாடி முன்னால் நின்றது. வாசித்தவர் ஓடிவிட்டார் என்றே முதலில் நினைத்தேன், அவரிடம் மறுபடி வாசிக்கவும் சொன்னேன். அது அவர் பிழையே அன்று. 300 வினாடியில் 14 மில்லிவினாடி என்பது பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 47 பங்கு, மலிவான இரண்டு படிகங்களுக்கு இடையே இது மிகச் சாதாரணமான வேறுபாடு. கூட்டுச் சாதனத்தை அமைக்கும் பக்கத்தில், முதன்மைக் கடிகாரமாக இன்டர்பேஸைத் தேர்ந்தெடுத்து, மற்றதற்கு 'டிரிஃப்ட் கரெக்ஷன்' பெட்டியில் குறியிட்டதும் நழுவல் நின்றது. அதைவிட நேரான வழி, சிந்தசைசரின் சாதாரண ஆடியோ அவுட்புட்டிலிருந்து இன்டர்பேஸுக்குக் கேபிள் இழுத்துவிடுவது. ஒரே கடிகாரம் என்றால் நழுவுவதற்கு வழியே இல்லை.

சுருதியும் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் மாறியிருந்தால் இது நழுவல் ஆகாது. 44,100இல் பதிவானதை 48,000இல் ஓட்டுகிறீர்கள், அல்லது அதற்கு நேர்மாறாக.

அறிகுறி: நேற்றுச் சரியாக இருந்தது, இன்று பிந்துகிறது

மாஸ்டர் டிராக்கில் புதிதாகச் சேர்த்த பிளக்இன்னை முதலில் பாருங்கள். முன்னோக்கிப் பார்த்து வேலை செய்யும் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்றவை தமக்கென்று தாமதம் எடுத்துக்கொள்கின்றன. மற்ற டிராக்குகளை மென்பொருள் அதற்கேற்பத் தாமதப்படுத்திச் சமன் செய்துவிடும், வெளியிலிருந்து நேரலையாக வரும் சிந்தசைசரை அப்படிச் செய்ய முடியாது. அவற்றை அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள், அல்லது லாஜிக்கின் 'லோ லேட்டன்சி மோட்' போன்ற வசதியைப் பயன்படுத்துங்கள். பிளக்இன் எதுவும் மாறவில்லை என்றால், டிரைவர் புதுப்பிக்கப்பட்டதா, பஃபர் மாறியதா, சாம்பிள் ரேட் மாறியதா என்று பார்த்துக் கேபிள் சோதனையை மீண்டும் நடத்துங்கள். இடையிடையே பொரிச்சல் சத்தமும் கேட்டால், விண்டோஸில் வைஃபையை அணைத்து, மின்சேமிப்பு அமைப்பை முழு வேகத்துக்கு மாற்றி, லேட்டன்சிமான் என்ற கருவியைச் சில நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் கணினியைப் பிடித்துவைக்கிறது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: பதிவு முடிந்துவிட்டது, சிந்தசைசர் இனிக் கையில் இல்லை

இரவல் வாங்கிய கருவியில் பதிவு செய்தவர்களுக்கு இந்த நிலை வரும். மாறாத தாமதம் என்றால் முழு டிராக்கையும் அளந்த எண்ணுக்கு நகர்த்தினால் போதும், ஒலிக்கு எந்தச் சேதமும் இல்லை. நழுவல் என்றால், முதல் அடியையும் கடைசி அடியையும் சரியான இடங்களில் பொருத்தி, நடுவில் உள்ளதைச் சுருக்கவோ நீட்டவோ செய்யுங்கள். 14 மில்லிவினாடி வித்தியாசத்துக்குச் சுருதி மாறும் முறையில் நீட்டுவதே மேல், சுருதி மாறுவதை எவராலும் உணர முடியாது, ஒலியின் கூர்மையும் கெடாது. நடுக்கம்தான் கடினம். ஒவ்வொரு தட்டின் தொடக்கத்திலும் வெட்டி இடம் மாற்ற வேண்டும். எதிரொலியோ ரிவெர்போ ஒலியோடு சேர்ந்து பதிவாகியிருந்தால் வெட்டிய இடங்களில் வால் அறுந்து நிற்கும். அப்படியானால் மிக மோசமாக விலகிய தட்டுகளை மட்டும் நகர்த்தி, வெட்டிய இடங்களில் 5 மில்லிவினாடி கிராஸ்ஃபேட் (ஒன்று குறைய மற்றொன்று எழும் இணைப்பு) கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விடுங்கள்.